அப்பாவின் ஹெரால்டைத் தேடி

முதல் நாள், திங்கட்கிழமை

மலைக்கோட்டை விரைவு ரயில் இன்னும் விடியாத நேரத்தில் வண்டலூரையும் பெருங்களத்தூரையும் கடந்தபோது, நான் கீழ்ப்படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடி வந்திருக்கும் கார் பிறந்த இடம் அது. ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இன்று அந்தப் பக்கத்தில் கண்ணுக்குப் பட்டவை எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளக்குகள்தாம்.

எங்கள் அப்பா 1970இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. அதே வண்டியை 1961 முதல் சென்னையில் செய்யத் தொடங்கினார்கள். முதலில் அதற்கு இரண்டே கதவுகள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஏறி இறங்க வேண்டிய நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது என்பதால், அறுபதுகளின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்தது. எங்களுடையது அந்த வகை. அம்பாசடர் வங்காளத்திலிருந்தும் பியட் பம்பாயிலிருந்தும் வந்த அந்தக் காலத்தில், இது மட்டும் நம் ஊரிலேயே செய்யப்பட்ட கார் என்று அப்பா சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தப் பெருமிதம் இப்போது எனக்கும் இருக்கிறது.

1997இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபோது, காரை விற்றுவிடலாம் என்று வற்புறுத்தியவள் நான். மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த ஒரு புரோக்கர் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு நாங்கள் திருச்சிக்குக் குடிபெயர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம் அம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது, புடவைகளுக்கு அடியில் காரின் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டு காலம் அந்த வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் அப்பா அதில் எழுதி வைத்திருந்தார். போட்ட பெட்ரோல், மாற்றிய பாகம், செய்த மெக்கானிக், கொடுத்த கூலி எல்லாம் தேதி வாரியாக இருக்கின்றன. அது வண்டியோடு போயிருக்க வேண்டிய நோட்டு. விற்ற நாளின் பதற்றத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டது.

காரைத் திரும்ப வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. வண்டி உயிரோடு இருந்தால் அதை வைத்திருப்பவரிடம் இந்த நோட்டைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கையில் இருப்பவை மூன்று: நோட்டு, ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டில் இறங்கியிருக்கிறேன். வண்டியின் நிறம் வெளிர் நீலம் என்கிறாள் அவள். எனக்கு அது வெளிர்ப் பச்சை என்றே நினைவு. புகைப்படம் இருவருக்கும் உதவவில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை

காலையில் முதல் வேலையாக எங்கள் பழைய பதிவெண்ணைக் கைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு வண்டி இல்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட அந்தக் காலத்து எண்கள் கணினிக்கு முந்தியவை. பிற்பாடு யாரேனும் வரி கட்டவோ எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கவோ வந்து, அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றியிருந்தால்தான் கணினியில் கிடைக்கும்.

ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த நடுவயதுப் பெண் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். இன்னொருவருடைய பெயரையோ முகவரியையோ எனக்குத் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் தனிப்பட்ட விவரம் என்று மறுக்க இடமிருக்கிறது, அது நியாயமும்கூட. என் கையில் இருந்த ஜெராக்ஸைப் பார்த்து, எங்களுக்குப் பிறகு பெயர் மாற்றம் நடந்திருக்கிறது என்பதையும், பதிவு கடைசியாக 2004இல் புதுப்பிக்கப்பட்டு, அதற்குப் பின் யாரும் வரவில்லை என்பதையும் மட்டும் சொன்னார்.

பதினைந்து ஆண்டுகள் முடிந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2009இல் வர வேண்டியவர் வரவில்லை என்றால், வண்டி ஏதோ ஒரு வீட்டு வாசலில் படுத்துவிட்டது என்றோ காயலான் கடைக்குப் போய்விட்டது என்றோதான் பொருள். "சேசிஸ் நம்பர்தாம்மா வண்டி. அது எங்கே இருக்குன்னு பாருங்க" என்று, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறிப்பிட்டு, அவர் எழுந்து நின்று சொல்லி அனுப்பினார்.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். அன்று புரோக்கர் நீட்டிய 29, 30ஆம் எண் படிவங்களில் வாங்குபவரின் பெயர் எழுதப்படாமலே அப்பா நடுங்கும் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். நான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி யாருக்குப் போகிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. சட்டப்படி, பெயர் மாறும் வரை அந்த வண்டி செய்யும் எதற்கும் அப்பாதான் பொறுப்பு. அப்படியும் கேட்கவில்லை. வண்டி விற்கும் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் நாள், புதன்கிழமை

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காலை பத்து மணிக்கு உதிரிப்பாகக் கடைகள் திறக்கும்போதே போய் நின்றோம். ஹெரால்டு என்றதும் இளைஞர்கள் கையை விரித்தார்கள், வயதானவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கடையின் பரணிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கி, ஹெரால்டுக்கான பம்ப் டயாஃப்ரம் என்று எடுத்துக் காட்டினார். அது கடைசி ஒன்று என்றும், விற்க மனமில்லை என்றும் சொன்னார். அவரே புதுப்பேட்டைக்குப் போகச் சொன்னார்.

கூவத்தின் கரையில் உள்ள புதுப்பேட்டைக்குள் நான் இதற்கு முன் நுழைந்ததில்லை. அப்பா மட்டும் போவார். கறை படிந்த கைக்குட்டையில் ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு வருவார். இன்று நான் பார்த்தது, ஒரு தொழில் தெருத் தெருவாகப் பிரிந்து நிற்பதை. ஒரு சந்தில் கதவுகள் மட்டும், புத்தகங்களைப் போலச் செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தன. அடுத்ததில் கியர் பாக்ஸ்கள். அதற்கடுத்ததில் முகப்பு விளக்குகள், இடம் வலம் பிரித்துக் கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் சாக்கின்மேல் உட்கார்ந்து, ஒரு காரின் வயரிங்கை முழுதாக, ஒரு இழைகூட அறுபடாமல், மரத்திலிருந்து கொடியை இறக்குவதைப் போல இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் நசுக்கி எடைக்குப் போடுகிறார்கள் என்ற நினைப்போடுதான் நான் உள்ளே போனேன். அது தவறு. எடைக்குப் போவது, வேறு எதற்கும் உதவாது என்று பலர் கண்ணும் கையும் சோதித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே.

சந்தின் கோடியில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரின் கடை. பாய் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். புகைப்படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மற்ற வண்டிகளை உடைக்க கேஸ் கட்டர் வேண்டும், ஹெரால்டுக்கு ஸ்பேனர் போதும் என்றார். அது எனக்கு அப்பாவின் வார்த்தை போலவே ஒலித்தது. ஹெரால்டுக்கு அடியில் தனியாகச் சேசிஸ் உண்டு. உடல் முழுவதும் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு அதன்மேல் முடுக்கப்பட்டது. முன்பக்கமோ, பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே உருப்படியாக முன்னோக்கிக் கவிழும். இன்ஜினுக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் வண்டிக்கு அடியில் போனால் நான் டார்ச் பிடிப்பேன்.

"உடைச்சிருந்தா எங்கிட்டதாம்மா வந்திருக்கும். உங்க நம்பர் வரல" என்றார் பாய். பிறகு, ஹெரால்டு வேலை தெரிந்தவர் என்று நகரத்தில் மிஞ்சியிருப்பவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்றும், அவர்களில் ஒருவர் இளம் வயதில் பெருங்களத்தூர் தொழிற்சாலையிலேயே வேலை கற்றவர் என்றும் சொல்லி, ராயப்பேட்டையில் உள்ள பட்டறைக்கு வழி சொன்னார். தேநீர் குடிக்காமல் விடவில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை

கண்டுபிடித்துவிட்டோம். அல்லது பாதியைக் கண்டுபிடித்தோம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

ராயப்பேட்டைப் பட்டறை ஒரு வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் தகரக் கூரையின்கீழ் இருக்கிறது. மேஸ்திரிக்கு அறுபத்தெட்டு வயது. எழுபதுகளில் தொழில் பழகுநராக ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஹெரால்டுக்குப் பின் வந்த கசெல் காரும் அப்போது மெல்ல மெல்லக் குறைந்து, ஸ்டாண்டர்டு 20 வேன்தான் தொழிற்சாலையைத் தாங்கிக்கொண்டிருந்ததாம். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்ததையும், அது விலைபோகாமல் நின்றதையும், எண்பதுகளின் இறுதியில் கதவு மூடப்பட்டதையும் ஒரு வீட்டின் சாவைச் சொல்வது போலச் சொன்னார். கசெலில் ஹெரால்டின் பின் ஆக்சிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சிலைப் போட்டது வாடிக்கையாளர்களுக்காகச் செய்தது என்றார். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஆள் இல்லாமல் நிற்கும்போது அவற்றின் அடிப்பக்கம் உள்ளே மடங்கினாற்போலத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் ஆக்சில் வளைந்துவிட்டது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள்.

பதிவெண்ணைச் சொன்னேன், தலையசைத்தார், நினைவில்லை. சேசிஸ் எண்ணைச் சொன்னேன், நினைவில்லை. இன்ஜின் எண்ணைச் சொல்லச் சொன்னார். அலமாரியிலிருந்து நீண்ட கணக்குப் புத்தகங்களை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். மூன்றாவது புத்தகத்தில், 2017ஆம் ஆண்டுப் பக்கத்தில், அவருடைய விரல் நின்றது. என் கையில் இருந்த ஜெராக்ஸை வாங்கி இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி வந்தபோது, எங்கள் ஹெரால்டு கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டின் நிறுத்துமிடத்தில், ஏற்கெனவே ஓடாத நிலையில், கூரை வரைக்கும் மூழ்கிக் கிடந்திருக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்ததில், நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்த அன்று, சிட்லபாக்கத்தில் இன்னொரு ஹெரால்டின் கூரைமேல் தூங்குமூஞ்சி மரம் விழுந்து உடல் நசுங்கிப் போனது. அந்த வண்டிக்குச் சேசிஸ் நன்றாக இருந்தது, கையில் உயிருள்ள ஆர்.சி. இருந்தது, இன்ஜினில் கிராங்க் என்ற சுழல்தண்டு இனிக் கடைய முடியாத கடைசி அளவுக்குக் கடையப்பட்டு முடிந்திருந்தது. எங்கள் வண்டிக்கு உடலும் இன்ஜினும் பிழைத்திருந்தன. சேசிஸின் பக்கச் சட்டங்கள் வெள்ளத்துக்கு முன்பே துருவில் உதிர்ந்திருந்தன. வெள்ளத்துக்குப் பின் யாரும் அந்த இன்ஜினைச் சுழற்றிப் பார்க்காமல் விட்டதே அதைக் காப்பாற்றியது என்றார் மேஸ்திரி. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து எல்லாம் போயிருக்கும். அவர் இரண்டு வண்டிகளையும் பிரித்து ஒன்றாக்கினார். நான்கு மாதம் ஆயிற்றாம். எங்கள் சேசிஸ், எண்ணோடு, காயலான் கடைக்கு எடைக்குப் போனது.

போக்குவரத்து அலுவலகத்தின் கண்ணில் எங்கள் கார் இல்லை. இருப்பது சிட்லபாக்கத்துக் கார், இன்ஜின் எண் மட்டும் மாற்றிப் பதிவு செய்யப்பட்டது. எண்ணைக் கொண்டு தேடியிருந்தால் நான் எந்தக் காலத்திலும் அதைச் சென்று சேர்ந்திருக்க மாட்டேன். அந்த அலுவலர் சொன்னது சட்டப்படி சரி. ஆனாலும் அப்பாவின் கை பழகிய ஸ்டியரிங்கும், நாங்கள் முட்டி மோதி உட்கார்ந்த பின் இருக்கையும், நான் டார்ச் அடித்த அந்த இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கையில், எடைக்குப் போன இரண்டு இரும்புச் சட்டங்களை எங்கள் கார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புறப்படும்போது மேஸ்திரியிடம் நிறத்தைக் கேட்டேன். பட்டி வைப்பதற்கு முன் சுரண்டியதில் மேலே சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை, எல்லாவற்றுக்கும் கீழே வெளிர்ப் பச்சை என்றார். தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை

உரிமையாளரின் எண்ணை எனக்குத் தராமல், மேஸ்திரி தாமே அவரிடம் பேசிச் சம்மதம் கேட்பதாகச் சொல்லியிருந்தார். அதுதான் முறை. பகல் முழுவதும் அழைப்பு வரவில்லை. மாலையில் தங்கையும் நானும் மெரினாவுக்குப் போனோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கடற்கரைச் சாலையில்தான் அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இருபத்தைந்து அடி அகலத்துக்குள் முழு வட்டமாகத் திரும்பக்கூடிய வண்டி அது. ஒரே ஒடிப்பில் திருப்பிக்காட்டி என்னை அசத்துவார். இரவு எட்டரைக்கு அழைப்பு வந்தது. நாளை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறாம் நாள், சனிக்கிழமை

வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை உள்ளபடியே எழுத வேண்டும். கருநீல வண்ணம், புதிய இருக்கை உறை, வேறு எண். அழகாகப் பேணப்பட்ட யாருடைய காரோ. உரிமையாளர் முப்பத்தைந்து வயதுக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மரம் விழுந்த வண்டி அவருடைய தாத்தாவினுடையது. அவருக்கும் அந்த வண்டியின் சேசிஸ் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி 'வி.ஏ.' வரிசையில் தனிப் பதிவு வாங்கலாம், கட்டணம் இருபதாயிரம் ரூபாய். ஆனால் சேசிஸோ உடலோ இன்ஜினோ மாறாத வண்டிக்குத்தான் அது, ஆகவே விண்ணப்பிக்கவில்லை என்றார்.

"ஒன்னு கேக்கணும் ஆன்ட்டி" என்று அவர் ஓட்டுநர் இருக்கையை முன்னுக்குத் தள்ளி, தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். இருக்கைச் சட்டத்துக்கு உள்பக்கமாக ஒரு பித்தளை டம்ளர் ஸ்விட்ச், வீட்டுச் சுவரில் இருக்குமே அந்தப் பழைய வகை. அதிலிருந்து எங்கும் போய்ச் சேராமல் வெட்டப்பட்ட இரண்டு ஒயர்கள். இது எதற்கு என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை, கழற்றவும் மனமில்லாமல் விட்டுவைத்தேன் என்றார்.

நான் நோட்டை எடுத்து, 1974ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் கொடுத்தேன். 'இருக்கை அடியில் ரகசிய ஸ்விட்ச், இக்னிஷன் துண்டிக்க. திருடனுக்கு வண்டி கிளம்பாது. செலவு ரூ. 4.50' என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. எதிர்வீட்டுக்காரரின் பியட் காணாமல் போன வாரம் அது. அந்த ஸ்விட்சை அப்பா பொருத்தியபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பித்தளைக் குமிழை விரலால் கீழே தட்டிப் பார்த்தேன். அதே அழுத்தம், அதே சத்தம். அதற்குப் பிறகு எனக்கு அந்த வண்டியின்மேல் ஐயம் இல்லை.

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்து நோட்டைப் படிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். காபி ஆறிப்போனது. திடீரென்று ஒரு பக்கத்தில் நிறுத்தி, இதைப் பாருங்கள் என்றார். சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: 'ட்ரன்னியனுக்குக் கிரீஸ் கூடாது. 90 ஆயில் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை.' முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை, ட்ரன்னியன் என்ற பித்தளை உருப்படியில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். கிரீஸ் மரைக்குள் முழுதாக இறங்காமல் கெட்டிப்பட்டுவிடும், நீர் கோத்துத் தண்டு அரித்து, ஒரு நாள் முறிந்து சக்கரம் அப்படியே மடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் மேஸ்திரி ஊரில் இல்லாத நேரத்தில் வேறொரு பட்டறையில் விட்டதாகவும், அங்கே கிரீஸ்தான் அடித்தார்கள் என்றும், அதன் பின் ஸ்டியரிங் இறுகிக்கொண்டே வருகிறது என்றும் அவர் சொன்னார்.

மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்தோம். வண்டியை ஓட்டி வர வேண்டாம், தானே வருகிறேன் என்று சொல்லி, பதினொன்றரை மணிக்கு ஆயில் கன்னோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, பானெட்டின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து முன்னால் கவிழ்த்தார்கள். இடப்பக்கத்து ட்ரன்னியனிலிருந்து தேன்மெழுகைப் போலக் கெட்டிப்பட்ட கிரீஸைக் கம்பியால் நோண்டி எடுத்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். தண்டில் அரிப்பு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார். வலப்பக்கத்துக்கு வெளிச்சம் போதவில்லை. உரிமையாளர் உள்ளே போய் டார்ச் எடுத்து வந்தார். நான் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, மட்கார்டு இருந்த இடத்தில் குனிந்து, புதிய எண்ணெய் மேல்விளிம்பில் கசிந்து வரும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் இன்றைய தேதியிட்டு அடுத்த வரியை அவர் எழுதினார். இரவு மலைக்கோட்டைக்கு டிக்கெட் இருக்கிறது.